குமாருக்குப் பசித்தால் எழுவாய் எங்கே?

கேள்வி: இளங்கலையில் தமிழ் இலக்கியம் படித்தேன். இப்போது முதுகலையில் மொழியியல். தொடரியல் பாடத்தில் மர வரைபடம் போடச் சொல்கிறார்கள். பாடநூலில் உள்ள ஆங்கில வாக்கியங்களுக்கு எப்படியோ போட்டுவிடுகிறேன். ‘குமாருக்குப் பசிக்கிறது’ என்ற சாதாரண வாக்கியத்துக்குப் போட உட்கார்ந்தால், எழுவாய் எது என்ற இடத்திலேயே பேனா நின்றுவிடுகிறது. ‘குமாருக்கு’ என்பது நான்காம் வேற்றுமை, அது எழுவாய் ஆகாது என்றுதான் பள்ளியிலிருந்து படித்திருக்கிறேன். அப்படியானால் இதில் எழுவாயே இல்லையா? வாக்கிய அமைப்பை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

— வாசகி, திருநெல்வேலி

பதில்: நீங்கள் நின்ற இடம் நல்ல இடம். தென்னாசிய மொழிகளின் தொடரியலில் மிக அதிகமாக விவாதிக்கப்பட்ட வாக்கியங்களில் இதுவும் ஒரு வகை. ஆனால் அதற்கு வருவதற்கு முன் மரத்தைச் சற்று ஒதுக்கி வையுங்கள். எந்தச் சொல் எதனோடு முதலில் சேர்கிறது என்று நாம் கண்டுபிடித்ததை எழுதி வைக்கும் முறைதான் மரம். கண்டுபிடிக்காமல் வரைந்தால் அது வெறும் கோடு.

‘பழைய புத்தகக் கடை’ என்று சொல்லிப் பாருங்கள். பழைய புத்தகம் விற்கும் கடையா, பல காலமாக இருக்கும் புத்தகக் கடையா? சொற்களும் அவற்றின் வரிசையும் அப்படியே இருக்கின்றன. ‘பழைய’ எதனோடு முதலில் சேர்கிறது என்பது மட்டும் மாறுகிறது. காதுக்குக் கேட்காத இந்தச் சேர்க்கைதான் தொடரியலின் பாடுபொருள். 1933இல் வெளிவந்த தம் நூலில் புளூம்ஃபீல்டு இதை அண்மையுறுப்பு என்ற கருத்தாக வைத்தார். 1957இல் சாம்ஸ்கி, அண்மையுறுப்புகளை மட்டும் வைத்து மொழியை விளக்க முடியாது என்று வாதிட்டு மாற்றிலக்கணத்தைக் கொண்டுவந்தார். அந்த வரலாறு பாடநூலிலேயே இருக்கும், இங்கே நீட்டவில்லை.

சேர்க்கையைக் கண்டுபிடிக்கத் தமிழிலேயே ஒரு கருவி இருக்கிறது: வினா எழுத்தான ‘ஆ’. ‘குமார் மாமாவின் பழைய வீட்டை வாங்கினான்.’ இதில் எங்கெல்லாம் ‘ஆ’ ஒட்டும்? ‘குமாரா மாமாவின் பழைய வீட்டை வாங்கினான்?’ சரி. ‘மாமாவின் பழைய வீட்டையா வாங்கினான்?’ சரி. ‘வாங்கினானா?’ சரி. ஆனால் ‘மாமாவின்’ என்பதிலோ ‘பழைய’ என்பதிலோ அதை ஒட்டிப் பாருங்கள், தமிழ் பேசும் எவர் நாக்கும் புரளாது. ஆக, ‘மாமாவின் பழைய வீட்டை’ என்பது ஒரே கூறு; ‘ஆ’ அதன் விளிம்பில் உட்காருமே தவிர உள்ளே நுழையாது. இந்தச் சோதனையை யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. ஆனாலும் பிழையில்லாமல் செய்கிறோம். எனக்குத் தொடரியல் மேல் உள்ள ஈர்ப்புக்கெல்லாம் காரணம் இதுதான்.

இன்னொரு வாக்கியம்: ‘குமார் சிரித்துக்கொண்டே ஓடிய பையனைப் பிடித்தான்.’ சிரித்தது யார்? வினையெச்சம் ‘ஓடிய’ என்பதைக் கொண்டு முடிந்தால் பையன். ‘பிடித்தான்’ என்பதைக் கொண்டு முடிந்தால் குமார். பாருங்கள், ‘கொண்டு முடிதல்’ என்று உரையாசிரியர்களின் பேச்சிலேயே விடை சொல்லிவிட்டோம். பெயரெச்சம் பெயரைக் கொண்டு முடியும், வினையெச்சம் வினையைக் கொண்டு முடியும் என்று நீங்கள் மனப்பாடம் செய்தது, ஒரு சொல் இன்னொன்றைச் சார்ந்து நிற்கும் உறவைப் பற்றிய விதி. பிரெஞ்சு அறிஞர் லூசியன் தெனியேர் வாக்கியத்தின் தலைமையில் வினையை வைத்து, சொல்லுக்குச் சொல் சார்பைக் கோடாக வரைந்தார். இந்த முறையை விளக்கும் அவரது நூல் அவர் மறைந்த பிறகு 1959இல் வந்தது. தமிழ் இலக்கணம் படித்தவருக்கு அந்த வகை வரைபடம் அந்நியமாகவே இருக்காது. வகுப்பில் அதற்கு இடமில்லாவிட்டாலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இனி எழுவாய். ‘குமார் வந்தான்’ என்பதில் குமார் முதல் வேற்றுமையில் இருக்கிறான்; வினையின் விகுதியும் அவனோடு ஒத்துப்போகிறது. இரண்டும் ஒரே சொல்லில் கூடுவதால் எழுவாய் என்பது ஒற்றைப் பண்பு போலத் தோன்றுகிறது. உண்மையில் அது பல பண்புகளின் தொகுப்பு. வேற்றுமை உருபையும் விகுதியையும் தவிர வேறு அடையாளங்களும் உண்டு. அவற்றில் இரண்டைக் கொண்டு சோதிப்போம்.

முதலாவது, ‘தன்’. ‘குமார் தன் அம்மாவைப் பார்த்தான்’ என்றால் குமாரின் அம்மா. ‘தன் அம்மாவைக் குமார் பார்த்தான்’ என்று வரிசையை மாற்றினாலும் குமாரின் அம்மாதான். ஆனால் ‘தன் அம்மா குமாரைப் பார்த்தாள்’ என்றால் நெருடுகிறது. அந்த ‘தன்’ குமாரைப் போய்ச் சேர மறுக்கிறது. யார் முன்னால் வருகிறார், யார் பின்னால் வருகிறார் என்பது இங்கே விஷயமே இல்லை. ‘தன்’ வரிசையைப் பார்க்காமல் எழுவாயைத் தேடிப் போகிறது.

இப்போது நான்காம் வேற்றுமையை வைத்துப் பாருங்கள். ‘அக்கா குமாருக்குத் தன் புத்தகத்தைக் கொடுத்தாள்.’ யாருடைய புத்தகம்? அக்காவுடையது. ‘குமாருக்குத் தன் அக்காவைப் பிடிக்கும்.’ யாருடைய அக்கா? குமாருடையவள். இரண்டிலும் ‘குமாருக்கு’ என்ற அதே சொல், அதே ‘கு’ உருபு. முதலாவதில் அவன் பெறுபவன் மட்டுமே, ‘தன்’ அவனைக் கண்டுகொள்வதில்லை. இரண்டாவதில் எழுவாய்க்கு உரிய மரியாதை அவனுக்குக் கிடைக்கிறது.

இரண்டாவது, வினையெச்சம். அதன் செயலைச் செய்பவராக நாம் பொதுவாக எழுவாயையே புரிந்துகொள்கிறோம். ‘அக்கா கடைக்குப் போய்க் குமாருக்குப் பணம் கொடுத்தாள்’ என்பதில் கடைக்குப் போனது அக்கா. குமார் போனதாக யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள். ‘அந்தச் செய்தியைக் கேட்டுக் குமாருக்குக் கோபம் வந்தது’ என்பதிலோ முதல் வேற்றுமையில் இருப்பது கோபம், ‘வந்தது’ என்ற விகுதி ஒத்துப்போவதும் கோபத்தோடு. ஆனால் செய்தியைக் கேட்டது கோபமல்ல, குமார்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் விடை: உருபும் விகுதியும் கேட்கும் எழுவாய் ‘குமாருக்குப் பசிக்கிறது’ என்பதில் இல்லை. அமைப்பில் எழுவாயின் இடம் இருக்கிறது, அதில் குமார் இருக்கிறான். மரத்தில் ‘குமாருக்கு’ என்பதை மேலே, எழுவாய் நிற்கும் இடத்திலேயே வையுங்கள். பணம் பெறும் ‘குமாருக்கு’ என்பதை வினையின் பக்கம் கீழே வையுங்கள். வேறு இடத்தில் வைப்பவர்களும் உண்டு. உங்கள் ஆசிரியர் அப்படிச் சொன்னால் எந்தச் சான்றை வைத்து என்று கேளுங்கள், நீங்களும் மேலே உள்ள சான்றுகளைக் காட்டுங்கள். மொழியியலாளர்கள் இதை அனுபவிப்போர் எழுவாய் என்ற தலைப்பில் பேசுகிறார்கள். தென்னாசிய மொழிகளில் இதை ஆராயும் கட்டுரைத் தொகுப்பு ஒன்றை வர்மாவும் கே.பி. மோகனனும் 1990இல் பதிப்பித்தார்கள். நம் பக்கத்து மொழிகளுக்கு மட்டும் உரிய விசித்திரம் என்றும் நினைக்க வேண்டாம். ஐஸ்லாந்து மொழியிலும் இப்படிப்பட்ட எழுவாய் உண்டு. அதே ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்த ஜெர்மன் மொழியில் பார்வைக்கு அதே போன்ற வாக்கியங்கள் இருந்தும், அவை இந்த வகைச் சோதனைகளில் பெரும்பாலும் தேறுவதில்லை. உருபை மட்டும் பார்த்து முடிவு சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

படிக்கும் முறை பற்றி. ஒரு நோட்டில் சரியான வாக்கியத்துக்குப் பக்கத்திலேயே, அதைச் சற்று மாற்றியதால் கெட்டுப்போன வாக்கியத்தையும் எழுதி, நட்சத்திரக் குறி இடுங்கள். கெட்டுப்போனதுதான் அதிகம் கற்றுத்தரும். வீட்டில், நண்பர்களிடம் கேட்கும்போது ‘இது சரியா?’ என்று கேட்காதீர்கள். பள்ளி இலக்கணத்தை நினைத்துக்கொண்டு பதில் சொல்வார்கள். ‘இதில் யாருடைய அம்மா?’ என்று பொருளைக் கேளுங்கள். எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் தனித்தனிப் பக்கம் வையுங்கள். பேச்சில் ‘தன்’ வர வேண்டிய பல இடங்களில் ‘அவனோட’ வந்துவிடுவதால் இரண்டையும் கலந்தால் முடிவு குழம்பும். நூல் என்று கேட்டால், தாமஸ் லேமன் 1989இல் எழுதிய தற்காலத் தமிழ் இலக்கணமும், பேச்சுத் தமிழுக்கு ஹரால்ட் ஷிஃப்மன் 1999இல் எழுதியதும் போதும். இரண்டும் ஆங்கிலத்தில் உள்ளவை, ஆனால் உதாரணங்கள் முழுக்க நம்முடையவை.

அடுத்ததாக ‘குமாரால் தன் கையைத் தூக்க முடியவில்லை’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். உருபு மூன்றாம் வேற்றுமை, ‘தன்’ யாரைக் குறிக்கிறது என்பது கேட்டவுடன் தெரிகிறது. இதற்கு வினையெச்சச் சோதனையை நீங்களே அமைத்துப் பார்த்து, கிடைத்ததை எழுதி அனுப்புங்கள்.