அடிவாரமே போதும்

கேள்வி: செல்போனில் படம் எடுப்பதுதான் என் ஒரே பொழுதுபோக்கு. பழனி மலைக்கோயிலில் போனுக்குத் தடை வந்தபின், ஊரில் எடுக்க எதுவுமே இல்லாதது போலிருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, பழனி

பதில்: 2023 அக்டோபரிலிருந்து மேலே போன் கிடையாதுதான். கீழே ஒப்படைத்துவிட்டு, முருகனைக் கண்ணாரப் பாருங்கள். படத்துக்கு அடிவாரமே போதும். என்னைக் கேட்டால், பழனியின் நல்ல படங்கள் எப்போதுமே கீழேதான் இருக்கின்றன.

குளம் நிறைந்திருக்கும் நாட்களில் விடியலிலேயே வையாபுரிக் குளக்கரைக்குப் போய்விடுங்கள். காற்று எழுவதற்கு முன் மலை தண்ணீரில் தலைகீழாக நிற்கும். திரையில் வானத்தை விரலால் அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள், நிறம் வெளிறாது.

பிறகு கிரிவீதி. மொட்டையடித்த குழந்தையின் தலையில் பூசிய சந்தனத்தைக் கவனித்திருக்கிறீர்களா? உச்சியில் ஈரம் பளபளக்கும்போதே, காதோரத்தில் காய்ந்து வெடிக்கத் தொடங்கிவிடும். நிழலில், குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து எடுங்கள். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான். அங்கேயே அவர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். ஊர் போய்ச் சேரும்வரை அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் சுமந்துவரும் காவடிகளைத் தவறவிடாதீர்கள். கூட்டம் முழுவதையும் ஒரே படத்தில் அடக்கப் பார்க்க வேண்டாம். புழுதி படிந்த ஒரு பாதம், தீர்த்தச் செம்பின் கழுத்தில் இறுகிய கயிறு, அவ்வளவு நெருங்குங்கள்.

பிடித்ததை ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு வையுங்கள். கையில் ஒரு பருத்தித் துணியும் இருக்கட்டும்: திருநீறும் கற்பூரப் புகையும் லென்ஸில் சீக்கிரம் படியும்.