பெயருக்குக் காத்திருந்த காவிரி மீன்

"மீனுக்கு இலத்தீன் பெயர் இல்லாவிட்டால் குழம்பில் ருசி குறைந்துவிடுமா?" என்று சங்க நூலகத்தில் நண்பர் ஒருவர் என்னைச் சீண்டினார். பெங்களூரில் ஆண்டுக்கணக்காக விலங்கியல் கற்பித்தவன் சும்மா இருப்பேனா? நம் காவிரியின் திமில் மாசீர் கதையைச் சொன்னேன்.

கெண்டைக் குடும்பத்து மீன் இது. தலைக்குப் பின்னே திமில்போல் உயர்ந்த முதுகு, செம்மஞ்சள் துடுப்புகள். 1946இல் கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒன்று 120 பவுண்டு எடை! இவ்வளவு பெரிய மீனுக்கு நூல்களில் வழங்கிய 'டார் முசுல்லா' என்பது இரவல் பெயர். 1839இல் சைக்ஸ் என்பவர் தக்காணத்து மீன் ஒன்றுக்கு இட்டது அந்த 'முசுல்லா'. அந்த மீன் மாசீரே அல்ல, ஹிப்ஸெலோபார்பஸ் என்னும் வேறு பேரினம் என்று 2013இல் தெளிவாயிற்று. இரவல் சட்டை போனதும் நம் மீன் பெயரின்றி நின்றது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே, அமராவதியில் சேரும் பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களை ஆராய்ந்து 'டார் ரேமாதேவி' என்ற புதிய இனமாக விவரித்திருந்தார்கள். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மீனியல் அறிஞர் ரேமாதேவியைச் சிறப்பிக்க வைத்த பெயர். குஞ்சுகளைப் பார்த்து, இவைதாம் திமில் மாசீர் என்று யார் சொல்வது? மோயாற்றில் பெரிய மீன்கள் கிடைத்தபின், உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று 2018இல் நிறுவினர்.

பெயர்க் குழப்பத்தால் வந்த நட்டம் சிறியதல்ல. 1970களின் பிற்பகுதியிலிருந்து, லோணாவளாவில் பொரித்த நீலத் துடுப்பு மாசீர் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் அது வேறு இனம். கலிபோரே தூண்டில் முகாமின் 1998-2012 பதிவுகளில் நீலத் துடுப்பு பெருகுகிறது, திமில் மீன் அருகுகிறது. சிக்கிய சில திமில் மீன்களும் வரவரப் பெரியவையாகவே இருந்தன. வளர்ச்சி என்று மகிழ வேண்டாம். குஞ்சுகள் வரவில்லை என்பதே பொருள். எல்லாவற்றையும் 'மாசீர்' என்று ஒரே கணக்கில் எழுதினால் ஆற்றில் மீன் கூடியதாகத்தானே தோன்றும்?

உலகச் சிவப்புப் பட்டியலில் ஏற்ற இனப்பெயர் வேண்டும். பெயர் உறுதியான அதே 2018இல், அழிவுக்கு மிக நெருங்கிய இனங்களின் வரிசையில் இது சேர்க்கப்பட்டது. காவிரியும் அதன் கிளையாறுகளும் அன்றி வேறெங்கும் இதற்கு வீடில்லை.

நண்பர் குழம்பைப் பற்றி மறுபடி பேசவில்லை.