ஃபுஜைராவில் ஓர் இரவு தங்குங்கள்

துபாய் போய்வந்தவர்களிடம் ஃபுஜைராவைப் பற்றிக் கேட்டால், "அங்கே என்ன இருக்கு?" என்பார்கள். பெரும்பாலும் அவர்கள் மதியம் போய் மாலையில் திரும்பியவர்கள்.

துபாயிலிருந்து ஷேக் கலீஃபா நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் போகும்போது தைத், மசாஃபி வழியாகப் பழைய சாலையில் போங்கள். வழியில் வெள்ளிச் சந்தை வரும். பெயர்தான் வெள்ளி, கடைகள் எல்லா நாளும் திறந்திருக்கும். கம்பளம், மண்பானை, பழம், சுட்ட சோளம். கம்பளத்துக்குச் சொல்லும் முதல் விலையை நம்ப வேண்டாம், பேரம் பேசுங்கள்.

ஊருக்குள் மண்கோட்டை ஒன்று. 1925-இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல் சுட்டதில் மூன்று கோபுரங்கள் சரிந்தன, இப்போது சீரமைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமை மாலை என்றால் காளைச் சண்டை பாருங்கள். ஜல்லிக்கட்டு என்று நினைத்துப் போகாதீர்கள். இங்கே மாடும் மாடும் கொம்பு கோக்கும். பின்வாங்கும் மாடு தோற்றது.

வடக்கே கரையோரமாகப் போனால் அல் பித்யா பள்ளிவாசல். கட்டிய ஆண்டு 1446 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நடுவே ஒரே தூண், மேலே நான்கு சிறு குவிமாடங்கள், மினார் கிடையாது. நம் வீட்டுக் கூடத்தைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். இன்றும் தொழுகை நடக்கிறது. எனவே கை, கால் மூடிய உடை அவசியம். பெண்கள் தலையையும் மூட வேண்டும். பின்னாலுள்ள குன்றில் ஏறினால் காவல் கோபுரங்களும் பேரீச்சந்தோப்பும் கடலும் ஒரே பார்வையில் கிடைக்கும். இன்னும் வடக்கே அல் அக்கா கடற்கரை. நீந்திப் போகும் தூரத்தில் ஸ்னூப்பி தீவு. கண்ணாடியும் மூச்சுக்குழாயும் இருந்தால் மீன்களைப் பார்க்கலாம்.

ஓர் எச்சரிக்கை: வழியிலுள்ள கொர்ஃபக்கான் சார்ஜா எமிரேட்டைச் சேர்ந்தது. அங்கே மதுவுக்குத் தடை, வண்டியில் பாட்டில் வேண்டாம். மழை மேகம் கண்டால் 'வாதி' எனப்படும் மலை ஓடைப் பக்கமே போகாதீர்கள். 2022 ஜூலையில் வெள்ளம் ஃபுஜைராவையே மூழ்கடித்தது.

பொழுது சாய்ந்ததும் கடலைப் பாருங்கள். அடிவானம் நெடுக விளக்குகள், இன்னொரு ஊர் இருப்பதுபோல. எல்லாம் நங்கூரமிட்ட கப்பல்கள். ஃபுஜைராவுக்குச் சொல்லிக்கொள்ள எண்ணெய் வளம் இல்லை, இருப்பது இடம். முழுக்க ஓமான் வளைகுடாக் கரையில் அமைந்த ஒரே எமிரேட் இது, அதாவது ஹோர்முஸ் நீரிணைக்கு வெளியே. நீரிணைக்குள் நுழையாமலே எரிபொருள் நிரப்பக் கப்பல்கள் இங்கே வந்து நிற்கின்றன. அபுதாபி எண்ணெயும் 2012 முதல் குழாய் வழியாக மலை தாண்டி இங்கே வருகிறது. நாளொன்றுக்கு 15 லட்சம் பீப்பாய் தாங்கும் குழாய். அல் அக்கா விடுதிகளின் வருமானம் இதன் முன் சில்லறை.

நவம்பர் முதல் மார்ச் வரை போகலாம். கடல் பார்த்த அறையாகக் கேட்டு வாங்குங்கள்.