துக்கத்துக்குக் கச்சேரியா?

கே: கும்மிடிப்பூண்டி சிப்காட் அருகே எங்கள் சபை. நவம்பரில், மறைந்த உறவினர்கள் நினைவாகப் பாடகர் குழு நிகழ்ச்சி நடத்த ஆசை. "துக்கத்துக்குக் கச்சேரியா?" என்று பெரியவர்கள் தடுக்கிறார்கள்.
– ஒரு வாசகி

ப: தாராளமாக நடத்துங்கள். ஒப்பாரியும் பறையும் இல்லாமல் இழவு வீடு உண்டா நம் ஊரில்? ஜெர்மனியின் இசையமைப்பாளர் பிராம்ஸ், 1865இல் தாயை இழந்தபின் எழுதி முடித்த 'ஜெர்மன் ரெக்வியம்' 1868 பெரிய வெள்ளியன்று பிரேமன் தேவாலயத்தில் அரங்கேறியது. வழக்கமான லத்தீன் இரங்கல் பூசை வரிகளை விட்டுவிட்டு, லூத்தர் மொழிபெயர்த்த வேதாகமத்திலிருந்து ஆறுதல் வசனங்களை அவரே பொறுக்கி எடுத்தார். உயிரோடு இருப்பவர்களைத் தேற்றும் இசை அது. பெரியவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

உங்களுக்கு உண்மையான தலைவலி ஆலை ஷிப்டுதான். ஒத்திகைக்கு சோப்ரானோவும் ஆல்ட்டோவும் வந்துவிடும். டெனரும் பேஸும் ஆலைக்குள் இருக்கும். ஆகவே நான்கு குரலில் இரண்டே இரண்டு பாமாலைப் பாடல்கள் போதும். மீதிக்குத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கீர்த்தனைகள் இருக்கின்றன. ஒரே குரலில், சபையே சேர்ந்து பாடலாம்.

மறைந்தவர்களின் பெயர்களை மொத்தமாக வாசித்தால் வருகைப் பதிவு மாதிரி ஆகிவிடும். பாட்டுக்குப் பாட்டு நாலைந்து பெயர், நிதானமாக. சிப்காட்டில் வேலை செய்யும் வெளிமாநிலத்தாரிடமும் பெயர் கேளுங்கள். அவர்கள் வீட்டுக் கல்லறைகள் வெகுதூரத்தில். கைதட்டல் வேண்டாம் என்று ஆயரே முதலில் சொல்லிவிடட்டும்.