பனிமூட்டத்தில் காண்டாமிருகமும் நம் காமிராவும்

தென்காசியில் வாழும் நமக்கு மூட்டம் புதிதன்று. ஜூன் மாதத்தில் ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கினால், குற்றால மலை பல நாட்கள் வெண்திரைக்குள் மறைந்துவிடுகிறது. இத்தகைய மூட்டத்தில் ஒரு காட்டு விலங்கைப் படம் பிடிப்பது எப்படி? அதிலும் இரண்டு டன் எடையுள்ள காண்டாமிருகத்தை எப்படிப் படம் பிடிப்பது? இதனை இக்கட்டுரையில் காண்போம்.

நம் மலையில் காண்டாமிருகம் இல்லை. ஒற்றைக் கொம்புக் காண்டாமிருகத்தின் தலைசிறந்த இருப்பிடம், அசாம் மாநிலத்தில் பிரம்மபுத்திரா நதிக்கரையில் உள்ள காசிரங்கா ஆகும். கொம்புக்காக வேட்டையாடப்பட்டதால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மிகச் சிலவே எஞ்சியிருந்தன. 1908 இல் காப்புக்காடாக்கப்பட்ட அவ்விடம், 1974 இல் தேசியப் பூங்காவானது. 2022 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 2,613 காண்டாமிருகங்கள் அங்கு இருந்தன. அந்தக் கொம்பு என்பது என்ன? நம் நகத்தில் உள்ள கெரட்டின் என்னும் பொருளே. அதற்கு மருத்துவ மதிப்பு இல்லை என்பதை உலகுக்கு உணர்த்த, 2021 செப்டம்பர் 22 அன்று அசாம் அரசு 2,479 கொம்புகளைத் தீயிட்டு எரித்தது.

துப்பாக்கி ஏந்திய காலம் போய், காமிரா ஏந்தும் காலம் வந்தது. அசாம் தேயிலைத் தோட்டத்தில் பணிபுரிந்த ஈ. பி. ஜீ என்பவர் காசிரங்காவின் விலங்குகளைப் படமெடுத்து, உலகம் அறியச் செய்தார். நம் பக்கத்திலும் ஒருவர் உண்டு. 1912 இல் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர். கானுயிர்களைக் கறுப்பு வெள்ளைப் படங்களாகவே எடுத்துப் புகழ்பெற்ற அவருக்கு 1970 இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இனி ஒளியைப் பற்றிப் பார்ப்போம். குளிர்கால இரவில் நிலம் குளிர்ந்து, ஆற்றோரத்து ஈரக் காற்று நுண்ணிய நீர்த்துளிகளாக மாறுகிறது. இத்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரியவை. ஆகவே எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிக்கின்றன. பத்தாம் வகுப்பு ஒளியியல் பாடத்தில் நாம் படிக்கும் மீ ஒளிச்சிதறல் இதுதான். மேகம் வெண்மையாகத் தெரிவதற்கும் இதுவே காரணம்.

இதனால் படம் எடுப்பவருக்கு மூன்று விளைவுகள் உண்டாகின்றன. முதலாவதாக, ஒளி எல்லாத் திசைகளிலிருந்தும் வருவதால் கடும் நிழல் விழுவதில்லை. நிறங்களும் மங்கிவிடுவதால், கறுப்பு வெள்ளைப் படத்திற்கு இதைவிட ஏற்ற பொழுது இல்லை. இரண்டாவதாக, அருகில் உள்ளவை கருமையாகவும் தொலைவில் உள்ளவை வெளிறியும் தெரிகின்றன. முன்னால் நாணற்புல், நடுவில் காண்டாமிருகம், பின்னால் மரங்கள் என்று படத்தில் ஆழம் தானாகவே அமைகிறது. மூன்றாவதாக, காமிரா ஏமாந்து போகிறது. எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதி ஒளியை அளக்கும் இயல்புடையது அது. ஆதலால் வெண்ணிறப் பனி, படத்தில் அழுக்கு நிறமாக விழும். ஒளியின் அளவை நாம்தான் சிறிது கூட்டி வைக்கவேண்டும்.

காமிரா தானாகக் கூர்மைப்படுத்திக்கொள்ள ஒரு விளிம்பு தேவை. கொம்போ காதோ வெண்பனியைத் தொடும் இடத்தைக் குறிவைக்கலாம். நடக்கும் விலங்குக்கு, வினாடியில் 500 இல் ஒரு பங்கு அளவில் ஷட்டர் வேகம் வைத்தால் படம் கலங்காது. குளிர்சாதன அறையிலிருந்து காமிராவைச் சாரல் காற்றுக்குள் எடுத்து வந்தால் லென்ஸில் ஆவி படியும். சிறிது நேரம் பைக்குள்ளேயே வைத்திருந்து பின்னர் வெளியே எடுக்கவேண்டும்.

இவற்றைவிட முக்கியமானது தூரம். காண்டாமிருகத்திற்குக் கண்பார்வை குறைவு. செவியும் மூக்கும் கூர்மை. மூட்டத்தில் அதுவும் நம்மைக் காணாது, நாமும் அதைக் காணோம். திடுக்கிட்டால் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பாயக்கூடியது. 2023 பிப்ரவரியில் மேற்கு வங்காளத்தின் ஜல்தாபாரா தேசியப் பூங்காவில், பயணிகள் சென்ற ஜீப்பை நோக்கிக் காண்டாமிருகம் ஓடிவந்தது. பின்னோக்கி ஓட்டப்பட்ட ஜீப் கவிழ்ந்து பலர் காயமடைந்தனர். நெருங்கினால்தான் நல்ல படம் என்பது தவறான எண்ணம். வெண்பரப்பின் நடுவே சிறிதாகத் தெரியும் விலங்கு, தன் காட்டோடு சேர்ந்து தெரிகிறது. முகம் மட்டும் தெரியும் படத்தை மிருகக்காட்சிசாலையிலும் எடுக்கலாமே!

காசிரங்கா தொலைவில் இருக்கிறதே என்று தோழியர் வருந்தவேண்டாம். குற்றாலத்துக் குரங்குகளே நமக்குப் போதுமான பாடம். அருவிச் சாலையில் பழத்தையும் பொரியையும் நீட்டிக் குரங்கை அருகே வரவழைத்து, கைப்பேசியில் படம் எடுப்பவர்களைச் சீசன்தோறும் காண்கிறோம். நீட்டிய கையிலிருந்து பெற்றுப் பழகிய குரங்கு, நீட்டாத கையிலிருந்தும் பறிக்கிறது. பிறகு அதன்மீது கல்லும் கம்பும் விழுகின்றன. பிழை யாருடையது? தீனி காட்டாமல் சாலையின் மறுபுறம் நின்று, மூட்டத்தில் மரக்கிளை மீது அமர்ந்திருக்கும் குரங்கை எடுத்துப் பாருங்கள். மேலே கூறிய விதிகள் யாவும் அங்கும் பொருந்தும்.

படம் நன்றாக வந்ததா என்று பார்ப்பதற்கு முன், விலங்கு என்ன செய்கிறது என்று பார்ப்போம். நாம் வந்ததையும் போனதையும் பொருட்படுத்தாமல் அது மேய்ந்துகொண்டிருந்தால், இந்தப் பாடத்தில் நாம் தேறிவிட்டோம்.