துப்பறியும் நாவலும் இருட்படமும்

கொலை, களவு, வஞ்சம் ஆகியவற்றைப் பொருளாகக் கொண்ட கதைகளை மாந்தர் பெரிதும் விரும்பிப் படிப்பதும், அவை படக்காட்சியாய் வருங்கால் திரளாகச் சென்று காண்பதும் யாண்டும் உள்ள வழக்கம். இவை இளைஞர் மனத்தைக் கெடுப்பன என்று பெரியோர் சிலர் கடிவர்; வெறும் பொழுதுபோக்கே என்று வேறு சிலர் புறக்கணிப்பர். தமிழ் பயிலும் மாணவராகிய நாம் இவ்விரண்டு கூற்றுக்களையும் ஆராயாது ஏற்றல் தகாது. இக்கதைகளின் கவர்ச்சிக்குக் காரணம் யாது, இவற்றால் எய்தும் பயன் யாது என்பவற்றை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

குற்றத்தை ஆராய்தல் தமிழிலக்கியத்திற்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை நினைவு கூர்க. பொற்கொல்லனது பொய்யுரை, தீர விசாரியாது விதித்த கொலைத் தண்டனை, ஒத்த தோற்றமுடைய இரு சிலம்புகள், உடைத்தவழி முத்தன்றி மணி தெறித்தல் ஆகிய யாவும் துப்பறியும் கதைக்குரிய உறுப்புக்களே. ஆயினும் கள்வன் யாவன் என்பதை அடிகள் முன்னரே உணர்த்திவிடுகின்றார். ஆதலின் நம் உள்ளம் 'செய்தவன் யார்?' என்று வினவாது, 'உண்மை எங்ஙனம் வெளிப்படும்?' என்றே ஏங்குகின்றது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் ஆகியோர் இத்துறையிற் புகழ் பெற்றனர். முதலியார் ஆங்கிலக் கதைகளைத் தமிழ்நாட்டுக் கோலத்தில் தந்தார். ரங்கராஜு துப்பறியும் கோவிந்தனைப் படைத்தார். ஐயங்கார் திகம்பர சாமியாரைப் படைத்தார். படமுதலாளிகளும் இந்நாவல்களை விரைந்து நாடினர். ஐயங்காரின் 'மேனகா' 1935-இல் ராஜா சாண்டோவின் இயக்கத்தில் படமாயிற்று, டி. கே. எஸ். சகோதரர் அதில் நடித்தனர்; என். எஸ். கிருஷ்ணன் நடித்து முதலில் வெளிவந்த படமும் அதுவேயாம். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1935-இலும் 1951-இலும் இருமுறை படமாயிற்று. மடத் தலைவரொருவரின் மறைவொழுக்கத்தை வெளிப்படுத்தும் அவரது 'சந்திரகாந்தா' 1936-இல் வெளிவந்தது. 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸார் 'திகம்பர சாமியார்' கதையைப் படமாக்க, எம். என். நம்பியார் பல வேடங்கள் புனைந்து நடித்தார்.

இவற்றிலெல்லாம் ஓர் ஒழுங்குண்டு. தீயோர் தீயோராகவும் நல்லோர் நல்லோராகவும் தொடக்கமுதல் நிற்பர், துப்பறிவோர் மாசற்றவர், ஈற்றில் தீயோர் பிடிபட, வாசகர் மனநிறைவோடு நூலை மூடுவர்.

அமெரிக்க நாட்டிற் பிறந்த கடுமை சான்ற நாவல்களோ இவ்வொழுங்கைக் குலைத்தன. துப்பறியும் நிறுவனமொன்றில் தாமே பணிபுரிந்த டாஷியல் ஹாமெட் 1930-இல் 'மால்ட்டீஸ் ஃபால்கன்' என்னும் நாவலை வெளியிட்டார். 1941-இல் ஜான் ஹஸ்டன் அதனைப் படமாக்கினார். அதன் தலைவன் தூயோனல்லன். ஆயினும் தான் காதலித்தவளே கொலைகாரி என்றறிந்து, அவளைக் காவலரிடம் ஒப்புவிக்கின்றான். இத்தகைய படங்களையே பிரெஞ்சு விமரிசகர் 1946-இல் 'ஃபில்ம் நுவார்', அஃதாவது கறுப்புப் படம், என்றனர்.

இவ்விருள் தமிழிற் செவ்வனே படர்ந்தது 1954-இல் ஏவி. எம். நிறுவனத்தார் வெளியிட்ட 'அந்த நாள்' படத்திலாம். வீணை வித்துவானாகிய எஸ். பாலசந்தர் அதனை இயக்கினார். ஜாவர் சீதாராமன் திரைக்கதை எழுதினார். பாட்டுமில்லை, கூத்துமில்லை. 1943 அக்டோபரில் ஜப்பானியர் சென்னையிற் குண்டு வீசிய நாளில் ராஜன் என்னும் ரேடியோ நிபுணன் சுடப்பட்டு இறக்கின்றான். அவனை அறிந்தோர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை கூறுகின்றனர். அவன் பகைவர்க்கு உளவாளி என்பதும், நாட்டுப்பற்றுடைய மனைவியின் கைத்துப்பாக்கியே அவனுயிரைக் குடித்தது என்பதும் ஈற்றிற் புலனாகின்றன.

கல்லூரி மாணவராகிய நாம் கருதவேண்டியது ராஜனது வீழ்ச்சியின் வித்து. அவன் பிறவிக் கொடியனல்லன். நம்மைப் போலக் கற்றவன். தன் திறமையை நாடு மதிக்கவில்லையென்று மனங்கசந்தவன். அக்கசப்பு நாடோறும் வளர்ந்து நாட்டையே விற்கத் துணிந்தது. தேர்விலும் உத்தியோகத்திலும் ஏமாற்றம் கண்ட இளைஞர் எவர்க்கும் அக்கசப்பின் சுவை தெரியும். கொடியோன் கதையைப் படிக்குங்கால் நாம் அஞ்சுவது அவனை மட்டுமன்று. அவனிடத்தே நம் சாயல் தோன்றுதலையும் அஞ்சுகின்றோம். இக்கதைகளின் மெய்யான கவர்ச்சி இதுவே என்பது நம் கருத்து.

எனினும் இருளைக் காட்டுவன யாவும் நல்லன என்று கொள்ளற்க. குருதியையும் காமத்தையும் விலைப்பொருளாக்கும் மலிவு நூல்களும் பல உள. நூல் நல்லதோ என்று அறிய ஓர் அளவுகோல் போதும்: படித்து முடித்தபின் குற்றத்தின் விலை நம் நெஞ்சில் நிற்கின்றதா, அதன் கிளர்ச்சி மட்டும் நிற்கின்றதா? குறிஞ்சிப்பாடியிற் கைலி நெய்வோரைக் கேட்பின் கூறுவர்: கறுப்பு நூலோடும் இடத்தே அயல்நிறம் எடுப்பாய்த் தோன்றும்; ஆயின் பாவும் ஊடும் கறுப்பேயாயின் கட்டமே விளங்காது. கதையும் அத்தகையதே. இருளின் நடுவே ஓரிழையேனும் அறம் ஓடும் நூலைத் தெரிந்து படித்தல் நம் கடனாகும்.