தொழில் விண்ணப்பமும் சுயவிபரக் கோவையும்



தொழிலுக்கு விண்ணப்பிக்கும் கடிதத்தை எழுதப் பழகியிருப்பீர்கள். உண்மையாகவே விண்ணப்பிக்கும்போது அதனுடன் சுயவிபரக் கோவையையும் இணைக்க வேண்டும். கடிதம் பதவியைக் கேட்கிறது; சுயவிபரக் கோவை அதற்குரிய தகுதி உங்களிடம் இருப்பதைக் காட்டுகிறது.

இடம்பெற வேண்டியவை

1. முழுப்பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம்.

2. பிறந்த திகதி, தேசிய அடையாள அட்டை இலக்கம். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டில் பிறந்த நாளைக் குறிக்கும். பெண்களுக்கு அத்துடன் 500 கூட்டப்படும். எனவே திகதியைப் பிழையாக எழுதினால் உடனே தெரிந்துவிடும்.

3. கல்வித் தகைமை: பரீட்சை, ஆண்டு, சுட்டெண், பாடவாரியான பெறுபேறு.

4. தொழிற் பயிற்சியும் அனுபவமும்.

5. உங்களை நன்கறிந்த, உறவினரல்லாத இருவரின் விபரம். அவர்களிடம் முதலில் அனுமதி பெறுங்கள்.

6. விபரங்கள் யாவும் உண்மை என்ற உறுதியுரை, திகதி, கையொப்பம்.

"அனுபவம் இல்லை" என்று எழுதலாமா?

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் அனுபவம் என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதி வந்தார். விசாரித்தால், இரண்டு வருடமாக நோன்பு மாதத்தில் புடவைக் கடையொன்றில் நின்றிருக்கிறார்! அதனை இவ்வாறு எழுதினோம்:

*2023, 2024 – பெருநாள் கால விற்பனை உதவியாளர், புடவைக் கடை, காத்தான்குடி. துணி அளந்து கொடுத்தல், பற்றுச்சீட்டு எழுதுதல், நாளாந்த விற்பனைக் கணக்கைப் பதிதல்.*

"நான் கடின உழைப்பாளி" என்பதைவிட இந்த இரண்டு வரிகள் கூடுதலாகப் பேசுகின்றன அல்லவா? வாப்பாவின் கடையில் கணக்குப் பார்த்தது, வீட்டில் தையல் தைத்துக் கொடுத்தது, அஹதிய்யாவில் சிறுவர்களுக்குப் படிப்பித்தது யாவும் அனுபவமே. எப்போது, எங்கே, என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

கவனிக்க

* செய்யாததை எழுத வேண்டாம். அரச பதவிகளுக்கான வர்த்தமானி அறிவித்தல்களைப் பாருங்கள்: பொய்யான தகவல் நியமனத்தின் பின் தெரியவந்தாலும் பதவி பறிபோகும்.
* விளம்பரத்தில் கேட்கப்பட்ட தகைமைகளை அடிக்கோடிட்டு, அவை உங்கள் கோவையில் உள்ளனவா எனச் சரிபாருங்கள்.
* ஒன்று அல்லது இரண்டு பக்கம் போதும். எழுத்துப்பிழை இருக்கக் கூடாது.
* மூலச் சான்றிதழ்களை அனுப்பாமல் பிரதிகளையே இணையுங்கள். மூலப் பிரதிகளை நேர்முகப் பரீட்சைக்குக் கொண்டு செல்லுங்கள்.
* விளம்பரத்தில் கேட்டிருந்தால், கடித உறையின் இடதுபக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதுங்கள்.

பயிற்சி

காத்தான்குடியிலுள்ள புத்தகக் கடையொன்றுக்கு விற்பனை உதவியாளர் தேவை. க.பொ.த. (சா/த) பரீட்சையில் தமிழ், கணிதம் ஆகிய பாடங்களில் சித்தி பெற்றிருக்க வேண்டும். இதற்குப் பொருத்தமான சுயவிபரக் கோவையைத் தயாரிக்குக. அனுபவம் என்ற இடத்தை வெறுமையாக விடாதீர்கள். நீங்கள் உண்மையில் செய்த ஒரு வேலையையாவது அதில் எழுதுங்கள்.